தாய்வீடு யாருக்குச் சேரும்?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலே, ஆரையம்பதி போன்ற ஊர்களில் ஒரு கலியாணப் பேச்சு எழுமாயின், மாப்பிள்ளை வீட்டார் முதலில் வினவுவது பெண்ணின் படிப்பையுமன்று, நகையையுமன்று. "பெண்ணுக்கு வீடு எது?" என்பதே அவர்தம் முதற் கேள்வி. நகை குறைந்தால் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பர். வீடு இல்லையெனில் பேச்சு அவ்வளவில் நின்றுவிடும்.

இக்கேள்வியின் பின்னே நெடிய வழக்கமொன்று உண்டு. இப்பகுதியில் மணமகளே மணமகன் வீடு புகுதல் இல்லை. மணமகனே மணமகள் வீட்டிற்கு வருகின்றான். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே சீதனமாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் இளைய பெண்களுடன் அதே வளவில் அல்லது அயல் வளவில் இன்னொரு வீட்டிற்குப் பெயர்வர். அடுத்த மகளுக்குக் கலியாணம் முற்றானால் அவ்வீடும் அவளுக்காகும். உடன்பிறந்த ஆண்மக்கள், தங்கையர் எல்லோருக்கும் வீடு கட்டி முடியும்வரை தம் மணத்தைத் தள்ளிவைப்பதும் இங்கே புதுமையன்று. அயலூராகிய காத்தான்குடியின் முஸ்லிம் குடும்பங்களிலும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் இதே வழக்கம் நிலைத்திருப்பதை யாவரும் அறிவர்.

பெண்ணுக்கு நிழல் வேண்டும் என்பதே இவ்வழக்கத்தின் உயிர். கணவன் இறந்தாலும், பிரிந்தாலும், பெண்ணை வீட்டைவிட்டு எழுப்புவார் இல்லை, வீடு அவளுடையது. இதனை உருவாக்கிய முன்னோர் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் குடும்பம் சிதையாமற் காக்கும் வழி எது என்பதை நன்கு அறிந்திருந்தனர்.

ஆயின், அவ்வழக்கத்தை அன்று தாங்கி நின்ற சட்டம் இன்று இல்லை. வழக்கம் நம் வாயில் இருக்கின்றது. சட்டமோ எழுத்தைக் கேட்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெளியிலேதான் எத்தனையோ குடும்பங்கள் தடுமாறி விழுகின்றன. அவ்வெளியை அடைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முக்குவர் சட்டமும் 1876 ஆம் ஆண்டும்

மட்டக்களப்புப் பகுதியில் முன்னாளிலே முக்குவர் சட்டம் என்றொரு வழக்கச் சட்டம் நிலவியது. அதன்படி, ஒருவன் தன் தாய்வழியாகப் பெற்ற முதுசொம் அவன் பெற்ற மக்களுக்குச் செல்வதில்லை. அவனுடைய சகோதரியின் மக்களுக்கே செல்லும். சொத்து, குடி, கோயில் உரிமை ஆகிய யாவும் தாயின் வழியிலேயே இறங்கின. இன்றும் இப்பகுதியில் ஒருவரை "நீர் எந்தக் குடி?" என்று வினவினால் அவர் சொல்வது தம் தாயின் குடியையே அன்றோ?

இவ்வழக்கங்களைத் தொகுத்து முக்குவர் சட்டம் பற்றி ஆங்கிலத்தில் நூலாக்கியவர் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர். யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1879 இல் வெளியிட்டவரும் இவரே. அவருடைய முக்குவர் சட்ட நூல் வெளிவந்த ஆண்டு 1876. விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே ஆண்டிலேதான் மணவுரிமை, வழியுரிமை பற்றிய 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. நூல் அச்சேறி மை உலரும் முன்னரே, நூலிற் சொல்லப்பட்ட சட்டம் பழங்கதையாகிவிட்டது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை தொடர்ந்து நின்றது. முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டம் இருந்தது. மட்டக்களப்புத் தமிழரோ நாட்டின் பொதுச்சட்டத்தின் கீழ், உரோமன் டச்சுச் சட்டத்தின் நிழலிலே வந்து சேர்ந்தனர்.

தமிழுலகில் இதனையொத்த இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. தென்திருவிதாங்கூரிலே நாஞ்சில்நாட்டு வேளாளர் மருமக்கள் வழி என்னும் முறையைப் பின்பற்றி வந்தனர். தந்தையின் சொத்து மக்களுக்கின்றி மருமக்களுக்குப் போவதனால் விளைந்த துன்பங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள்வழி மான்மியம் என்னும் நூலிலே எள்ளி நகையாடினார். ஊர் முழுவதும் விவாதித்த பின்னரே அங்கே 1926 இல் சட்டம் மாறியது. இங்கேயோ அத்தகைய பெரும் விவாதம் எதுவும் நம் நினைவில் நிற்கவில்லை. சட்டம் மாறியது, மக்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பதன்மூலம் தாய்வழி முறையின் சாரத்தைக் காத்துக்கொண்டனர். உறுதி எழுதியவர் வீட்டில் வழக்கம் பிழைத்தது. எழுதாதவர் வீட்டில் என்ன நடக்கும்?

எழுதாமல் இறந்தால்

1876 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி மிக எளியது. மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய சொத்திற் பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கு அல்லது மனைவிக்கு. எஞ்சிய பாதி மக்களுக்குச் சமமாக. ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை.  படுவான்கரையில் 8 ஏக்கர் வயலுள்ள ஒருவர் மனைவியையும் 4 மக்களையும் விட்டிறந்தால் மனைவிக்கு 4 ஏக்கர், மக்களுக்கு ஆளுக்கு 1 ஏக்கர். கேட்பதற்கு நீதியாகவே தோன்றும். பல குடும்பங்களுக்கு இது நீதியே.

ஆயின் தாய்வீட்டிற்கு இவ்விதியைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு பெண் தன் தாயிடமிருந்து சீதனமாகப் பெற்ற வீட்டில் கணவனோடும் ஒரே மகளோடும் வாழ்கின்றாள் என்று கொள்க. அவள் சாசனம் எதுவும் எழுதாமல் நோயுற்று இறக்கின்றாள். வீட்டிற் பாதி கணவனுக்கு, பாதி மகளுக்கு. ஊராரோ வீடு முழுவதும் மகளுடையது என்றே எண்ணுவர். தந்தையும் அவ்வாறே எண்ணுவார். சில ஆண்டுகளின் பின் அவர் மறுமணம் செய்கின்றார். ஒரு மகன் பிறக்கின்றான். பின்னர் அவரும் எழுதாமலே இறக்கின்றார். அவருக்குரிய பாதியிற் பாதி, அதாவது முழு வீட்டின் காற்பங்கு, இரண்டாம் மனைவிக்கு. எஞ்சிய காற்பங்கு இரு தாரத்து மக்களுக்கும் சமமாக, ஆளுக்கு அரைக்காற் பங்கு.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். வீட்டை 8 பங்காக்கினால் மகளுக்கு 5 பங்கு, சிறியதாய்க்கு 2 பங்கு, தம்பிக்கு 1 பங்கு. பாட்டியின் வளவிலே, பாட்டிக்கு யாதோர் உறவுமில்லாத இருவருக்கு 3 பங்கு உரிமை பிறந்துவிட்டது. இங்கே எவரும் வஞ்சகம் செய்யவில்லை. எவரும் பொய்க்கையொப்பம் இடவில்லை. சிறியதாயும் வாழவேண்டியவளே, அவளுடைய மகனும் ஒரு தகப்பனின் பிள்ளையே. குற்றம் அவர்களுடையதன்று, எழுதாமல் விட்டதன் விளைவு அது. மகளுக்கு மணம் பேசும் நாளிலே "வீடு எது?" என்ற கேள்விக்கு, "எட்டில் ஐந்து பங்கு" என்று மறுமொழி கூறவேண்டி வரும்.

பங்காளர் ஒத்துப்போகாவிடின் வழி ஒன்றே. மாவட்ட நீதிமன்றத்திலே பாகப்பிரிவினை வழக்கு. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி, பிரிக்க இயலாத சொத்தை நீதிமன்றம் விற்றுப் பணத்தைப் பங்கிடச் செய்யவும் கூடும். ஒரு சிறு வீட்டை எட்டாகப் பிரிப்பது எங்ஙனம்? வழக்கு முடியுமுன் தலைமுறை ஒன்று கழிந்துவிடுவதும் உண்டு.

எல்லாவற்றையும் கொடுத்துவிடுதல்

இதற்கு அஞ்சிச் சிலர் மறுகோடிக்குச் செல்கின்றனர். உயிரோடிருக்கும்போதே உள்ளவை அனைத்தையும் மக்கள் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். சீதன உறுதியும் இத்தகையதே. மகள்மீது கொண்ட அன்பினால் எழுதப்படும் அவ்வுறுதியிலே எழுதியவருடைய முதுமைக்கு ஒரு வரியேனும் இடம் இருப்பதில்லை.

நொத்தாரிசு முன்னிலையில் முறைப்படி எழுதி, பெறுபவரும் ஏற்றுக்கொண்ட நன்கொடையை, நினைத்தபோது திருப்பிக்கொள்ள இயலாது. மீட்கும் உரிமையை உறுதியிலேயே ஒதுக்கி வைத்திருத்தல் வேண்டும். அன்றேல் பெற்றவர் பெரும் நன்றிகேடு புரிந்தார் என்பதை நீதிமன்றத்திலே நிறுவுதல் வேண்டும். பெற்ற மகளை நன்றிகெட்டவள் என்று நீதிபதியின் முன் நின்று சொல்லத் துணியும் தாய் எத்தனை பேர்?

இதற்கு எளிய மருந்தொன்று உண்டு. அதுவே சீவிய உரித்து. வீட்டை மகளுக்கு எழுதும்போதே, தாமும் தம் கணவர் அல்லது மனைவியும் வாழ்நாள்வரை அதில் இருக்கவும் அதன் பலனை அனுபவிக்கவும் உள்ள உரிமையை உறுதியில் ஒதுக்கிக்கொள்ளலாம். மகளுக்கு உடைமை; பெற்றோருக்கு அனுபவம். மாப்பிள்ளை வீட்டார் முகஞ்சுளிப்பர் என்று அஞ்சி இதனைக் கேளாமல் விடுவோர் பலர். முதியவருக்கு ஓர் அறை உண்டு என்பதைக் கேட்டு முகஞ்சுளிப்பவர், பின்னாளில் எவ்வாறு நடப்பர் என்பதை அப்போதே அறிந்துகொள்வதும் ஒரு நன்மையே!

இளைய பெண்ணையும் மறத்தல் ஆகாது. மூத்தவளுக்குப் பெரிய வீடு, இரண்டாமவளுக்கு வயல், மூன்றாமவளுக்கு வெறும் நம்பிக்கை என்று முடியும் குடும்பங்களை நாம் காண்கின்றோம். கையிலுள்ளதை முழுவதும் முதற் கலியாணத்திலேயே கரைத்துவிடாமல், ஒவ்வொருவருக்கும் எது என்று முன்னரே கணக்கிட்டு வைத்தல் நன்று.

மரணசாசனம்

கொடுப்பதற்கும் கொடாதிருப்பதற்கும் நடுவே நிற்பது மரணசாசனம். இறுதி விருப்பாவணம் என்பதும் இதுவே. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை சொத்து அவருடையதே. மனம் மாறினால் சாசனத்தை மாற்றலாம், கிழித்தும் விடலாம். அவர் கண்மூடிய பின்னரே அது பேசத் தொடங்கும்.

இலங்கையிலே 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒருவர் தம் சொத்தைத் தாம் விரும்பியவருக்கு விட்டுச்செல்லும் முழு உரிமையை அளித்தது. காரணம் கூறாமலே ஒரு பிள்ளையை நீக்கிவிடவும் முடியும். இவ்வளவு பெரிய அதிகாரத்தைச் சினத்தில் எழுதும் கருவியாக்குதல் தகாது. சாசனம் பழிவாங்கும் ஓலையன்று.

அதனை எழுதும் முறையை வகுத்தது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்க, அவர்கள் முன்னிலையில் ஒப்பமிடுவது ஒரு வழி. நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் ஒரே வேளையில் உடனிருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம் கூறிய மற்றொரு வழி. இச்சட்டங்கள் பின்னர் திருத்தங்களும் பெற்றுள்ளமையால், அனுபவமுள்ள நொத்தாரிசைக் கொண்டு எழுதுவிப்பதே பாதுகாப்பானது. சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியரோ சாட்சியாக ஒப்பமிடாதிருத்தல் நல்லது; பின்னாளில் ஐயுறுவதற்கு அது இடங்கொடுக்கும்.

இவ்விடத்தில் உலகறிந்த ஒரு சாசனத்தை நினைவுகூர்தல் மாணவர்க்குப் பயன்படும். அல்பிரட் நோபெல் 1895 நவம்பர் 27 இல் பாரிஸ் நகரிலே தம் இறுதிச் சாசனத்தில் ஒப்பமிட்டார். வழக்கறிஞர் துணையின்றித் தாமே எழுதிய சாசனம் அது. சாட்சியாக ஒப்பமிட்டவர் நால்வர். 1896 டிசம்பர் 10 இல் அவர் இறந்ததும் உறவினர் எதிர்த்தனர். சட்டச் சிக்கல்கள் பல எழுந்தன. அவற்றையெல்லாம் கடந்து 1901 இலேதான் முதற் பரிசுகள் வழங்கப்பட்டன. நம் 1840 ஆம் ஆண்டு விதியின்படி, நொத்தாரிசு இல்லாத அச்சாசனத்திற்கு இன்னும் ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கும்! உலகப் பெருஞ் செல்வரின் எழுத்துக்கே அத்தனை இடர் நேர்ந்ததெனில், நம் சிறு வளவுக்கு எழுதும் எழுத்திலே எத்துணைக் கவனம் வேண்டும்?

இன்னுமொரு செய்தி பலர் அறியாதது. சாசனம் எழுதியபின் ஒருவர் திருமணஞ் செய்தால் அத்திருமணமே பழைய சாசனத்தை நீக்கிவிடும். எனவே மணமாகாத காலத்தில் தங்கைக்கென்று எழுதி வைத்த ஆண்மகன், மணமானபின் அதனை மீண்டும் எழுதுதல் வேண்டும். மறுமணஞ் செய்வோரும் அவ்வாறே.

சாசனத்திலே நிறைவேற்றுநர் ஒருவரைக் குறிப்பிடுவதும் அவசியம். கடன் தீர்ப்பதும், நீதிமன்ற அலுவல்களைப் பார்ப்பதும், உரியவருக்கு உரியதை ஒப்படைப்பதும் அவர் கடமை. சாசனத்தின் மூலப்பிரதி எங்குள்ளது என்பதை அவருக்குச் சொல்லிவைத்தல் வேண்டும். பெட்டியின் அடியில் எவரும் அறியாமற் கிடக்கும் சாசனம் எழுதப்படாத சாசனத்துக்கு ஒப்பானதே.

நம்பிக்கைப் பொறுப்பு என்பது யாது?

சில வேளைகளில் சொத்தை ஒருவர் கையிற் கொடுப்பதே தீங்காகும். சிறு பிள்ளை, மனநலங் குன்றிய மகள், மதுவுக்கு அடிமையான மகன் ஆகியோரிடம் உறுதியைக் கொடுத்தால் அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அத்தகையோருக்கென வகுக்கப்பட்ட முறையே நம்பிக்கைப் பொறுப்பு. சொத்து ஒருவர் பெயரில் இருக்கும்; பயன் இன்னொருவருக்குச் சேரும்.

இது அந்நியமான கருத்தன்று. நம் பகுதிக் கோயில்களின் வண்ணக்கரை எண்ணிப் பாருங்கள். நாணயத்தைச் சோதித்தறிபவரையே பண்டைத் தமிழ் வண்ணக்கர் என்றது. இங்கே அப்பெயர் கோயிற் பொருளைக் காப்பவர்க்கு ஆயிற்று. கோயில் வயலின் நெல் அவர் கையால் அளக்கப்படும். உண்டியற் பணம் அவர் கையால் எண்ணப்படும். ஆயினும் அதில் ஒரு மணியும் ஒரு காசும் அவருடையதன்று. நம்பிக்கைப் பொறுப்பாளரின் நிலையும் அதுவே.

இதற்கான சட்டம் 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை நம்பிக்கைப் பொறுப்பில் வைப்பதாயின் நொத்தாரிசு முடித்த உறுதியாலோ மரணசாசனத்தாலோ செய்தல் வேண்டும், வாய்ச்சொல் போதாது. பொறுப்பாளர் கணக்கு வைத்தல் வேண்டும். தம் சொத்தோடு கலந்துவிடலாகாது. அதனால் தமக்கு ஆதாயம் தேடலாகாது. தவறினால் நீதிமன்றத்தில் விடை கூறுதல் வேண்டும்.

பழைய உறுதிகள் சிலவற்றில், "மக்களும் பேரரும் பூட்டரும் அனுபவிப்பதன்றி விற்கலாகாது" என்ற வகையான கட்டுகளைக் காணலாம். தலைமுறை தலைமுறையாகச் சொத்தைப் பிணிக்கும் அத்தகைய ஏற்பாடுகளை 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆகவே பாட்டனார் உறுதியைப் பார்த்து அதே வாசகத்தைப் புதிய உறுதியில் எழுதுவிப்போர் ஏமாற்றமடைவர்.

நம்பிக்கைப் பொறுப்பின் ஆற்றலையும் அதற்கு நேரக்கூடிய ஆபத்தையும் ஒருங்கே காட்டுவது பச்சையப்ப முதலியாரின் வரலாறு. சென்னையிலே வணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1794 இல், தம் நாற்பதாம் வயதளவிலே மறைந்தார். கோயிற் பணிகளுக்கும் அறங்களுக்குமெனத் தம் செல்வத்தை ஒதுக்கிச் சாசனம் எழுதி வைத்திருந்தார். ஆயின் பொறுப்பேற்றவர் கையில் அப்பொருள் பல்லாண்டு சிக்குண்டு கிடந்தது, வழக்குகள் நீண்டன. அரசாங்கத் தலைமை வழக்கறிஞராயிருந்த ஜோர்ஜ் நோட்டன் இவ்விடயத்திற் புகுந்து உழைத்தார். நீதிமன்றத்தின் கட்டளையும் கிடைத்தது. அறங்களுக்குப் போக எஞ்சிய பொருளிலிருந்து 1842 இல் பள்ளிக்கூடம் எழுந்தது. அதுவே பின்னர் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்து தமிழறிஞர் பலரைத் தந்தது. அவர் இறந்ததற்கும் பள்ளி எழுந்ததற்கும் இடையே 48 ஆண்டுகள்! சாசனம் இல்லாதிருந்தால் அப்பள்ளியே தோன்றியிராது; பொறுப்பாளரைக் கேள்வி கேட்கும் ஒருவர் இல்லாதிருந்தாலும் தோன்றியிராது. எனவே பொறுப்பாளர் ஒருவரோடு அமையாமல் இருவரை அல்லது மூவரை நியமிப்பதும், ஆண்டுதோறும் கணக்கை இன்னாருக்குக் காட்டல் வேண்டும் என்று எழுதிவைப்பதும் அறிவுடைமை.

கடல் கொண்டதும் அரசு தந்ததும்

இதுவரை கூறியவை உறுதிக் காணிகளுக்கு. நம் பகுதியில் இன்னொரு வகைக் காணியும் உண்டு. அதற்கு வேறு விதி.

2004 டிசம்பர் 26 காலையில் எழுந்த ஆழிப்பேரலை எழுவான்கரை ஊர்களின் கடலோரத்தைத் துடைத்துச் சென்றது. உயிர்களோடு வீடுகளும், வீடுகளோடு உறுதிகளும் போயின. உறுதி தொலைந்தால் உரிமை தொலைந்ததாகாது. காணிப் பதிவகத்திலே பதியப்பட்ட உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். பதியாதவர் நிலையோ பரிதாபமாயிற்று.

அதன்பின் அரசு கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றரை ஒதுக்குவலயம் என்று அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டபோதும், பலர் வேறிடங்களிற் குடியமர்த்தப்பட்டனர். அங்கேதான் தாய்வழி முறைக்கு எதிர்பாராத இடி விழுந்தது. கடல் கொண்ட பழைய வீடு மனைவியின் சீதனம். அரசு தந்த புதிய வீடோ, குடும்பத் தலைவர் என்ற பெயரால் பல இடங்களிற் கணவன் பெயருக்கு எழுதப்பட்டது. கிழக்கிலங்கைச் சமூகத்தை நீண்டகாலம் ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே போன்ற அறிஞர்களும், பெண்கள் அமைப்புகளும் இதனை எடுத்துக்காட்டினர். ஒரே நாளிற் கடல் வீட்டைக் கொண்டது. ஒரே படிவத்தில் எழுதுகோல் உரிமையைக் கொண்டது.

அரசு அனுமதிப்பத்திரத்தால் வழங்கும் காணிகளைப் பெரும்பாலும் ஆள்வது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். இதன்கீழ் வரும் காணியை விரும்பிய எவருக்கும் விட இயலாது. சட்டம் குறித்த உறவினருள் ஒருவரைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறித்தல் வேண்டும். அந்த நியமனப் பத்திரம் காணிக்காரர் உயிரோடிருக்கும்போதே பதியப்படல் வேண்டும். பெயர் குறிக்காமல் இறந்தால், உயிரோடிருக்கும் கணவன் அல்லது மனைவியின் வாழ்நாளுக்குப் பின் சட்டத்தின் அட்டவணைப்படி வரிசை செல்லும். அவ்வட்டவணை நெடுங்காலம் ஆண்மக்களையே முன்னிறுத்தியது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் ஊரிலே பெண்ணைப் பின்னுக்குத் தள்ளியது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தமே இப்பாகுபாட்டை நீக்கிற்று. ஆகவே அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் உள்ள குடும்பத்தார் பிரதேச செயலகத்துக்குச் சென்று, பின்னுரித்தாளராக யார் பெயர் உள்ளது என்பதை ஒருமுறை பார்த்துவிடுதல் நல்லது. வெற்றிடமாக உள்ளதெனில் அதனை நிரப்புவதே முதல் வேலை.

கடல் கடந்த பிள்ளைகள்

இன்று நம் வீடுகளிற் பலவற்றுக்கு வெளிநாட்டிலே ஒரு பிள்ளையேனும் உண்டு. அவர்கள் இங்குள்ள காணியைப் பார்த்துக்கொள்ளத் தாய்க்கோ தம்பிக்கோ அற்றோணித் தத்துவம் அனுப்புகின்றனர். அதுவே எல்லாவற்றுக்கும் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் உயிரோடிருக்கும்வரைதான் அதற்கு உயிர். அவர் இறந்த கணத்தில் அதுவும் இறந்துவிடும். பின்னர் அதனை வைத்து ஒரு பிடி மண்ணையும் விற்கவோ எழுதவோ இயலாது. பிறநாட்டில் வாழ்வோர் இந்நாட்டுச் சொத்துக்கெனத் தனியே ஒரு சாசனம் எழுதி வைப்பது சாலச் சிறந்தது.

செய்யவேண்டுவது

குடும்பத்தார் ஓய்வாகக் கூடியிருக்கும் ஒரு நாளிலே, வீட்டிலுள்ள உறுதிகள், அனுமதிப்பத்திரங்கள், வங்கிப் புத்தகங்கள் அனைத்தையும் எடுத்து ஓர் ஏட்டிலே வரிசையாக எழுதுக. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று செய்திகளைக் குறிக்க: இது இப்போது யார் பெயரில் உள்ளது? எழுதாமல் விட்டால் சட்டப்படி யாருக்குப் போகும்? நாம் விரும்புவது யாருக்கு? இரண்டாவது விடையும் மூன்றாவது விடையும் ஒன்றாயின் கவலையில்லை. வேறுபடும் இடத்திலேதான் எழுத்து வேண்டும். உடனே கொடுக்கத்தக்கதற்குச் சீவிய உரித்து ஒதுக்கிய நன்கொடை உறுதி. பின்னர் கொடுக்கத்தக்கதற்கு மரணசாசனம். தாமே காத்துக்கொள்ள இயலாதவருக்கு நம்பிக்கைப் பொறுப்பு. அரசு காணிக்குப் பின்னுரித்தாளர் நியமனம். இந்த ஏட்டை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் சென்றால் அவர் வேலையும் எளிதாகும், செலவும் சுருங்கும்.

மாணவர்கள் இதில் உதவலாம். வீட்டு உறுதிகளை வாசித்து எல்லைகளையும் பெயர்களையும் பெற்றோருக்கு விளக்குவது, கணக்குப் பாடத்தில் வரும் பின்னங்களைவிடப் பயனுள்ள பயிற்சியாகும். தன் பாட்டி பெயரிலுள்ள வீடு தாய்க்கு எவ்வாறு வந்தது, தனக்கோ தன் தங்கைக்கோ எவ்வாறு வரும் என்பதை அறிந்த பிள்ளை, சொத்துக்காக உடன்பிறந்தாரோடு வழக்காடத் தயங்கும்.

சாசனம் என்ற சொல்லைக் கேட்டவுடன், "இப்போதே சாவைப் பற்றிப் பேசவேண்டுமா?" என்று தடுப்போர் உண்டு. மகள் பிறந்த நாள் முதலே அவளுக்கு வீடு கட்டக் கல் சேர்க்கத் தொடங்கும் தந்தை, அவளுடைய கலியாணத்தை அவசரப்படுத்துகின்றார் என்று எவரும் சொல்வதில்லை. சாசனமும் அவ்வாறே சேர்த்து வைக்கும் ஒரு கல். நோய் வந்தபின், நினைவு மங்கியபின் எழுதப்படும் சாசனமே வழக்குக்கு வித்திடுவது. உடலும் அறிவும் தெளிவாயிருக்கும் நாளிலே எழுதுவதே, நம் முன்னோர் பெண்ணுக்கென்று வைத்துச் சென்ற நிழல் குறையாமல் அடுத்த தலைமுறைக்குச் சேர்வதற்கு வழியாகும்.